சுருங்குது, ஆனா இழுக்கலை

1

இந்தக் கதை கிண்டலில் பிறந்தது. எங்கள் கல்லூரி இதழில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேன். ஆராய்ச்சியாளர்களைக் கலாய்ப்பதுதான் அந்தப் பக்கத்தின் நிரந்தர உத்தியோகம். நத்தை எந்தப் பக்கம் திரும்ப விரும்புகிறது என்று ஆராய்ந்தவர், நாற்காலி இழுபடும் ஓசையை வகைபிரித்தவர் எல்லோரையும் முடித்தாகிவிட்டது. சரக்கு தீர்ந்துபோன மாதத்தில் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் அகப்பட்டாள். என் அக்கா. பல் குழியை அடைக்கிற பசை சுருங்கக் கூடாது என்பதற்காகத் தன் இருபதுகளைக் கொடுத்துக்கொண்டிருப்பவள்.

முதல் தொடக்கம்:

'நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்குவதை இரண்டு பங்காக்குவதற்காக ஒருத்தி கல்யாணத்தையும் தலைமுடியையும் தள்ளிப்போட்டு—'

விட்டுவிட்டேன். சிரிப்பு வந்தது; ஆனால் எனக்கு மட்டும்தான் வந்தது.

இரண்டாவது:

'ஓர் ஊரில் ஒரு பல் இருந்தது. அந்தப் பல்லில் ஒரு குழி இருந்தது. அந்தக் குழியில்—'

இது நன்றாகவே போனது. ஆனால் பல்லுக்கு ஒரு வாய் வேண்டும், வாய்க்கு ஓர் ஆள் வேண்டும், ஆள் வந்துவிட்டால் கதையாகிவிடும். நான் கதை எழுத உட்காரவில்லை. (அப்போது.)

மூன்றாவது தொடக்கத்துக்கு விவரம் பொறுக்கலாம் என்று அக்காவின் ஆய்வகத்துக்குப் போனேன். கிண்டல் அங்கேதான் கெட்டது.

2

மாடியில் நீளமான ஓர் அறை. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் ஆரஞ்சு நிறத் தாள். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே ஓயாத சாயங்காலம். அந்தப் பசை வெளிச்சம் பட்டால் இறுகிவிடும். அதிலும் வெளிச்சத்தில் இருக்கும் நீலம்தான் அதை இறுக்குகிறது. ஆகவே நீலத்துக்கு அங்கே அனுமதி இல்லை.

அக்கா ஓர் ஆரஞ்சுக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டினாள். "விளக்கைப் பாக்காதே. கண்ணு போயிடும்."

"நீ பாப்பியா?"

"யாரும் பாக்க மாட்டோம்."

ஓர் உலோக அச்சில், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பசையை வைத்தாள். பல் நிறம். குழைவு. குச்சியால் தொட்டால் நூல் விட்டது. பேனா போன்ற ஒரு விளக்கை அதன் மேல் பிடித்தாள். இருபது விநாடி. விளக்கு தானாகவே கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்து அணைந்தது.

"தட்டிப் பாரு," என்றாள்.

தட்டினேன். கல்.

"அந்தப் பசை எங்க?"

"அதுதான் இது."

மேசையில் போட்டேன், கல் விழுகிற சத்தம். நகத்தால் கீறினேன், நகம்தான் தேய்ந்தது. வாய்க்குக் கொண்டுபோனேன்.

"டேய், கடிக்காதே. அது என் சாம்பிள்."

இதில் கலாய்க்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். யோசனை வரவில்லை. தண்ணீர் பனிக்கட்டியாகக்கூடச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இது, நான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் மாவாக இருந்து மலையாகிவிட்டது. சுட்டது யார்? யாரும் சுடவில்லை. வெறும் வெளிச்சம்.

"உள்ள என்ன நடந்துச்சு?"

அக்கா கையிலிருந்த துடைப்புத் தாளை மடித்தாள். "கூட்டத்துல ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளித்தானே நிப்பாங்க? எல்லாரும் கை கோத்துக்கோங்கன்னு சொன்னா?"

"கிட்ட வருவாங்க."

"அவ்வளவுதான். வெளிச்சம் பட்டதும் மூலக்கூறுங்க கை கோத்துக்குதுங்க. கோத்ததால கல்லாகுது. கிட்ட வந்ததால சுருங்குது."

"ரெண்டும் ஒரே வேலையா?"

"ஒரே வேலை. அதுதான் என் தலையெழுத்து."

(இந்த இடத்தில் நான் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டேன். காரணம் சோம்பல் இல்லை. கெட்டியாவதும் குறைவதும் ஒரே செயல் என்பதை முதல் தடவை கேட்கிறவனுக்குக் கை கொஞ்ச நேரம் ஓடாது.)

3

சுருங்கினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் அம்மாவின் கடைவாய்ப் பல்லை முன்வைக்கிறேன்.

பசை பல்லின் சுவர்களில் ஒட்டிக்கொண்டே சுருங்குகிறது. ஆகவே சுவரை இழுக்கிறது. ஒன்று சுவர் விரியும். இல்லையென்றால் பசை பிய்த்துக்கொள்ளும். எப்படியும் ஓர் இடைவெளி. நம் கண்ணுக்கு அது கோடுகூட இல்லை. கிருமிக்கு அது நெடுஞ்சாலை. அம்மா அந்தப் பல்லை இரண்டு முறை அடைத்துவிட்டாள். இரண்டு முறையும் சில மாதங்களில் குளிர்ந்த தண்ணீர் அந்தச் சாலையைக் கண்டுபிடித்துவிட்டது. இப்போது அவள் தண்ணீர் குடிக்கும்போது தலையை இடது பக்கம் சாய்த்துக்கொள்கிறாள். யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பது போல இருக்கும்.

"உன் மாவை என் பல்லுல வெச்சு அடைச்சுடேன்டி," என்பாள் அக்காவிடம்.

"அதுக்கு அனுமதி வேணும்மா."

"என் பல்லு. நான் அனுமதி குடுத்துட்டேன்."

"நீ குடுத்தா ஆச்சா? முதல்ல பசை தேறணும். அதுக்கப்புறம் குழு, அதுக்கப்புறம் இன்னொரு குழு."

"அதுக்குள்ள பல்லே இருக்காது போ."

அம்மா நீதிமன்றத்தில் தட்டச்சர். ஊரார் வாயிலிருந்து விழுவதை விழுந்தபடியே அடிப்பவள். இந்தக் கதையின் முதல் பக்கங்களைப் படித்துவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னாள்: "நான் 'போ'ன்னு சொல்லலை. 'போடி'ன்னு சொன்னேன்."

திருத்தவில்லை. எதற்காக என்று சொல்கிறேன். ஓர் ஆளை எழுதினால் ஆள் இறுகுகிறார். இறுகினால் கொஞ்சம் சுருங்குகிறார். உண்மை ஆளுக்கும் எழுதிய ஆளுக்கும் நடுவே ஒரு 'டி' அளவுக்கு இடைவெளி விழுகிறது. எல்லாக் கதையிலும் விழும். இதில் எங்கே விழுந்தது என்பதையாவது காட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பல் மருத்துவர்கள் குழியை ஒரே மூச்சில் அடைப்பதில்லையாம். மெல்லிய படலமாகச் சாய்த்து வைத்து, வெளிச்சம் காட்டி, அதன் மேல் அடுத்தது. ஒரு படலம் எல்லாச் சுவர்களையும் ஒரே நேரத்தில் இழுக்க முடியாதபடிக்கு. இந்தக் கதையில் எண்கள் இருப்பதும் அதனால்தான். பாணி என்று யாராவது நினைத்திருந்தால் மன்னிக்கவும்.

4

இனி 'அவள்'. அக்காவை நான் 'அக்கா' என்று எழுதினால் நடுவில் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததையும் சொல்ல வேண்டும். அவள் மிக நல்லவளாக வந்துகொண்டிருந்தாள். இதைப் போக்கச் சில குறைகளைச் சேர்க்கிறேன்: கடைசி பிஸ்கட்டை ஒளித்துவைப்பாள். பிறர் பேனாவைத் தன் பேனா என்று உளமார நம்புவாள். ஒரு சோதனை தோற்றால் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுவாள், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. நான்கு வருடமாக எங்கள் வீட்டில் பாத்திரங்கள் பளபளக்கின்றன.

அவளுடைய பசையில் ஒரு புதிய மூலக்கூறு இருந்தது. மற்றவை கோத்த கையை விடாது. இது விடும், விட்டு, சற்றுத் தள்ளி வேறொரு கையைப் பிடிக்கும். விட்டுப்பிடித்தால் சுருக்கம் குறையும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு நான்கு வருடமாக அவளுக்குக் கணக்குக் காட்டவில்லை. மாதக் கடைசியில் ஆய்வை மதிப்பிட ஒரு குழு வரும். அதற்குள் தேறாவிட்டால் அவளுடைய ஆய்வுத் தலைப்பை மூடிவிடுவார்கள். வேறு தலைப்பு, வேறு பசை, மறுபடி முதலிலிருந்து.

குழு வர ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. கருவி காட்டிய சுருக்கம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அவள் கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே எண். பொத்தான் அளவுப் பசையை இறுக்கி இன்னொரு வில்லை செய்தாள். அதே எண். உட்கார்ந்தாள். எழுந்தாள். கை கழுவினாள், காரணம் இல்லாமல்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பரவால்ல சார்'. அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு அதுதான். அன்று அவர் எண்ணைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா," என்றார்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று உள்ளே எட்டிப்பார்த்தார்கள்.

அன்று எங்கள் வீட்டில் பாத்திரங்களை நான் கழுவினேன்.

5

மறுநாள் மதியம். அறையில் அவள் மட்டும். மேசையில் வில்லைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சின்ன நிலா. அழகுக்காகத்தான் ஒன்றைக் கையில் எடுத்தாள். மேல்பக்கத்தை நகத்தால் கீறினாள். நகம் வழுக்கியது. திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைக் கீறினாள்.

நகம் உள்ளே போனது.

அவள் அசையவில்லை. மெழுகைக் கீறியது போல ஒரு பள்ளம், நகத்தின் வளைவோடு. அடுத்ததைத் திருப்பினாள். அதுவும். அதற்கடுத்தது. அதுவும்.

மேலே கல், அடியில் வெண்ணெய். பாதிப் பேர் கையே கோக்கவில்லை. கோக்காதவர்கள் கிட்ட வரவில்லை. கிட்ட வராததால் சுருங்கவில்லை. அந்த அபூர்வ எண்ணின் அர்த்தம் அவ்வளவுதான்: வேலை பாதியில் நின்றுவிட்டது.

அவள் விளக்கை எடுத்தாள். அணைந்திருந்த அதன் முனையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். எப்போதோ ஒரு துளிப் பசை தெறித்து, வெளிச்சத்தின் வாயிலேயே ஒட்டி, அந்த வெளிச்சத்தாலேயே இறுகி, பழுப்பேறிக் கிடந்தது. கண்ணில் விழுந்த பூ மாதிரி.

ஏன் யாருக்கும் தெரியவில்லை? எல்லோரும் ஜாக்கிரதையானவர்கள் என்பதால். விளக்கு எரியும்போது எல்லோரும் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடி நீலத்தை முழுக்க விழுங்கிவிடும். அதன் வழியே பார்த்தால் பலமான விளக்கும் ஒன்றுதான், நோஞ்சான் விளக்கும் ஒன்றுதான். விளக்கின் பலத்தை அளக்க ஒரு கருவி உண்டு. மாதத் தொடக்கத்தில் அளப்பார்கள். துளி மாதத்தின் நடுவில் தெறித்திருக்கிறது. கண்ணைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

இங்கே நான் எழுதியிருந்த பத்தி:

'அவள் வில்லைகளை மறுபடி நிமிர்த்தி வைத்தாள், கல்பக்கம் மேலே இருக்கும்படி. குழு வந்தது. எண்ணைப் பார்த்தது. யாரும் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. அவள்—'

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தாள்.

"யாருடா இவ?"

"நீதான். கதைக்கு ஒரு முடிச்சு வேணும்ல."

"என் ஜாடையில யாரோ ஒருத்தி உக்காந்திருக்கா. முதல்ல அவளை வெளிய அனுப்பு."

அனுப்பிவிட்டேன். வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்து போய்விட்டாள். வேறு எழுத்தாளர்களுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்; நல்ல வேலைக்காரி, பொய் சொல்லும்போது கண் இமைக்க மாட்டாள்.

6

உண்மையில் நடந்தது: அவள் ஒரு வில்லையையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு நேரே சாரின் அறைக்குப் போனாள். வில்லையைத் தலைகீழாக அவர் மேசையில் வைத்தாள்.

"நகத்தால கீறிப் பாருங்க சார்."

கீறினார். நகத்தில் ஒட்டியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழுத் தலைவர்கிட்ட போன்ல சொல்லிட்டேனேம்மா."

"மறுபடி போன் பண்ணுங்க சார்."

"என்னன்னு?"

"விளக்கு அழுக்கா இருந்துச்சுன்னு."

"நாப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒருத்தருக்குப் போன் பண்ணிச் சந்தோஷமாப் பேசினது அது ஒண்ணுதாம்மா," என்றார் சார். அப்புறம் போனை எடுத்தார். எடுத்துவிட்டார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என்னுடைய பழைய பக்கங்களில் இவரைப் பற்றி எழுதியதை யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

ஒரு பிளேடால் விளக்கின் முனையைச் சுரண்டினார்கள். அளந்தார்கள். வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. அவள் புதிதாக ஒரு வில்லை செய்தாள். அச்சு கிடைக்காததால் சன்னமான ஒரு கண்ணாடித் துண்டின் மேலேயே பசையை வைத்தாள். வெளிச்சம் காட்டினாள். அடிப்பக்கமும் கல். சுருக்கத்தை அளந்தாள்.

ஊரில் இருக்கிற எல்லாப் பசையும் எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு.

(நான்கு வருடம். இந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் வர வேண்டும். எழுதிப்பார்த்தேன். எல்லாமே அவளைவிடச் சத்தமாக இருந்தன.)

"சரி, எடுத்து வைம்மா," என்றார் சார்.

அவள் கண்ணாடித் துண்டைக் குப்பையில் போடப் போனாள். மற்றவர்களின் பசை இறுகும்போது இந்தச் சன்னக் கண்ணாடி எப்போதும் விரிசல் விடும்; அவள் தன் பசையை இதுவரை அச்சில்தான் வைத்திருந்தாள். விரிசல் விட்டதைத் தூக்கிப் போடுவது அந்த ஆய்வகத்தில் பாதி வேலை. ஜன்னல் பக்கம் திருப்பியவள் நின்றாள். இன்னொரு கோணத்தில் திருப்பினாள்.

"சார். விரிசல் இல்ல."

"ஒட்டியிருக்காது."

"ஒட்டியிருக்கு. பிரிக்க வரலை."

சார் கண்ணாடித் துண்டை வாங்கிப் பார்த்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பசை சுருங்கியிருக்கிறது, கருவி சொல்கிறது. கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் சுருங்கியிருக்கிறது, விரல் சொல்கிறது. அப்படியானால் இழுத்திருக்க வேண்டும். இழுத்திருந்தால் உடைந்திருக்க வேண்டும்.

"விட்டுப்பிடிக்குது சார்," என்றாள் அவள், மெல்ல. "எல்லாரும் கிட்டத்தான் வர்றாங்க. ஆனா வர்ற வழியில யாரையும் இழுக்காம, கைய விட்டு, மாத்திப் பிடிச்சு, நகர்ந்து நகர்ந்து வர்றாங்க. நாம இத்தனை நாளா சுருக்கத்தை மட்டும் அளந்தோம்."

சார் கண்ணாடித் துண்டை மறுபடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

7

குழு நேற்று வந்தது. தலைவர் ஒரு பல் மருத்துவர். பல்லாயிரம் வாய்களுக்குள் பார்த்த கண், அந்த அம்மாளுக்கு நம் பேச்சைவிட நம் முன்பல்லில்தான் கவனம்.

"சுருங்குதா, சுருங்கலையா?"

"சுருங்குது மேடம். ஆனா இழுக்கலை."

"அது எப்படி? காட்டுங்க."

இரண்டு கண்ணாடி வளையங்கள். மோதிரத்தைவிடச் சின்னவை, வெங்காயத் தோல் போல மெல்லியவை. ஒன்றில் கடையில் கிடைக்கும் பசை, மற்றதில் அவளுடையது. நானும் மூலையில் நின்றேன், கோப்பு தூக்குகிறவன் என்ற பெயரில்.

முதல் வளையத்துக்கு விளக்கைக் காட்டினாள். பாதி நேரம்கூட ஆகவில்லை. 'டிக்' என்றது. வெளிச்சம் ஒரு பொருளை உடைக்கிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இரண்டாவது வளையம். விளக்கு எரிந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சார் பிடித்தது எனக்குக் கேட்டது. கீச். விளக்கு அணைந்தது. வளையம் முழுதாக இருந்தது.

சிரித்தது நான் மட்டும்தான். அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்கு மேற்கொண்டு விஷயம் தெரியும். விளக்கு அணைந்தாலும் கைகோப்பு நிற்பதில்லை. உள்ளே மிச்சம் இருப்பவர்கள் இருட்டில் தேடித் தேடிக் கோத்துக்கொண்டே இருப்பார்கள், ஏறக்குறைய ஒரு முழு நாள். இழுப்பும் கூடிக்கொண்டே போகும்.

"நாளைக்கு இதே நேரம் வரேன்," என்றார் தலைவர். "முழுசா இருந்தா மேல பேசலாம். உடைஞ்சா தலைப்பை மூடிடலாம். ஆனா உடைஞ்சா எப்ப உடைஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்."

8

இந்தக் கதையின் கடைசிப் பக்கங்களை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த வளையத்தின் பக்கத்தில். தலைவர் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவள் நேற்றிலிருந்து இந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. சற்று முன்புதான், என்னை இதில் உட்காரவைத்துவிட்டு, முடிவைப் பார்க்க வரும் அம்மாவை அழைத்துவர வாசல்வரை போனாள். ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் ஓடுகிறது. அவள் அதை நம்பவில்லை. விளக்கை நம்பினது போதும் என்கிறாள். அதனால் என்னை நம்புகிறாள்.

பென்சிலால் எழுதுகிறேன். என் பேனாவின் தலையை அமுக்கினால் 'டிக்' என்கிறது.

முடிவுகள் கைவசம் சில உண்டு. (அ) டிக். தலைப்பு மூடப்படுகிறது, வீட்டில் பாத்திரங்கள் பளபளக்கின்றன. (ஆ) டிக் இல்லை. பல குழுக்களைத் தாண்டி ஒரு நாள் அம்மா தலையை நேராக வைத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறாள். (இ) டிக் கேட்கிறது, ஆனால் அது என் முழங்கால்.

(ஆ)வை நான் ஏற்கெனவே முழுசாக எழுதிவிட்டேன். அழகாகவும் வந்தது. போகும்போது அவள் அதைப் பார்த்தாள். பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "உனக்கு முடிவு தெரிஞ்சுட்டா முதல் வரியிலேர்ந்து எல்லாத்தையும் அதுக்கு ஏத்தபடி தேய்ச்சு விட்டுடுவே. தெரியாமலே முடி," என்றாள்.

ஆகவே வளையத்தைப் பார்க்கிறேன். ஒரு பொத்தானைப் போல, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இந்த நொடியில் எத்தனை கோடிக் கைகள் இருட்டில் துழாவுகின்றன, பிடிக்கின்றன, பக்கத்தில் இருப்பவருக்கு வலிக்குமென்று விடுகின்றன, வேறிடத்தில் பிடிக்கின்றன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. இத்தனையும் நடந்து இவ்வளவு அமைதியாக இருக்கிற ஒன்றின் முன்னால் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. இதழுக்கு இந்த மாதம் என் பக்கம் காலியாகத்தான் போகும்.

படியில் செருப்புச் சத்தம். இரண்டு பேர், ஒருத்தி நின்று நின்று ஏறுகிறாள், அது அம்மா. இந்த அறைக் கதவின் கீல் கத்தும். அவர்கள் தள்ளித் திறந்தால் அந்தச் சத்தத்தில் 'டிக்' வந்தாலும் கேட்காமல் போகலாம். நான் பூனை மாதிரி போய் உள்ளேயிருந்து மெல்லத் திறந்துவிடுகிறேன்.

அதுவரை நீங்கள் இந்த நாற்காலியில் உட்காருங்கள். காதை வளையத்தின் பக்கம் தாழ்த்திக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்சம். மூச்சு விடலாம். அதற்கு அது ஒன்றும் சொல்லாது.